தலை தப்பியது, 'ங்க' தப்பவில்லை

காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் மாட்டுவதற்காக, இன்று காலை வீட்டு வாசலிலேயே முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டைக் கழற்றினேன்.

பழைய ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு அமுக்கியிருந்தேன். விடுபட்டால் மண்டை பிளக்கும். தெரிந்தேதான் மேல் நட்டைக் கழற்றக் குனிந்தேன்.

பக்கத்து வீட்டு லேத் பட்டறைக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க..."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க. அந்தக் கிளாம்ப்பு நழுவறாட்டம் இருக்குதுங்க. கொஞ்சம் தலைய..."

'தலைய' காதில் விழுந்ததுமே சாய்ந்துவிட்டேன். ஸ்பிரிங் காதை உரசிப் பறந்து அவர் சுவரைப் பெயர்த்தது.

அவர் நிதானமாக முடித்தார்: "...அந்தப் பக்கம் எடுத்துக்குங்க."

நேராக பிரவுசிங் சென்டருக்கு வந்து இதை அடிக்கிறேன்.

கோயமுத்தூருக்கு வெளியே இருக்கும் நண்பர்களே, உங்கள் ஊரில் உயிர் போகிற அவசரத்திலாவது 'ங்க' இல்லாமல் கத்துவார்களா?