உம்மாவின் இத்தாவும் ஓராண்டு விசாவும்

எங்கள் ஊர் போட்டோ ஸ்டுடியோவில், கண்ணாடிக்குக் கீழே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பொதுவாக வைத்திருந்த பவுடர் டப்பாவின் வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறை, வாய்க்கால்களில் தண்ணீர் நிறைந்து சம்பா நடவு மும்முரப்படுகிற நாட்களில், வாப்பாவும் நானும் உம்மாவை அங்கே அழைத்துப் போவோம். "காது தெரியணும்மா, முக்காட்டைக் கொஞ்சம் தள்ளுங்க" என்பார் ஸ்டுடியோக்காரர், பாவம், அவர் மேல் தப்பில்லை. செய்யாத திருட்டுக்குப் படம் பிடிக்கப்படுகிறவரைப் போல உம்மா உட்கார்ந்திருப்பார். அந்தப் படத்தை ஒட்டித்தான், கட்டின புருஷனோடும் பெற்ற பிள்ளையோடும் இன்னும் ஓராண்டு சேர்ந்து வாழ அவர் அனுமதி கேட்க வேண்டும்.

உம்மா இலங்கையில், புத்தளத்தில் பிறந்தவர். கொழும்பில் கடை வைத்திருந்த என் பாட்டனார் காலத்து உறவின் வழியாக வாப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு, காவிரியின் கிளைகள் கடலைத் தொடும் இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். அவர்களுக்குச் "சபுராளி" என்று பெயர், லீவில் வந்து இறங்கினால் தெருவே வாசலுக்கு வரும். போன ஆளுக்கு அத்தனை மரியாதை வைத்திருந்த தெரு, வந்து சேர்ந்த பெண்ணை மட்டும் கடைசி வரை "சிலோன்காரி" என்றது. குடியுரிமைக்குக் கொடுத்த மனு என்னவாயிற்று என்று வாப்பா கேட்கும்போதெல்லாம், "மேலே போயிருக்கு" என்றார்கள். மேலே போன எதுவும் கீழே வந்து நாங்கள் பார்த்ததில்லை.

அதுவரைக்கும் வருஷா வருஷம் விசாவை "நீட்ட" வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னாலே சோறு இறங்காது. வாப்பாவுக்கு வியாபாரம் வரும், இங்கிலீஷ் வராது. ஐந்தாம் வகுப்பிலிருந்து மனுக்களை நான்தான் நிரப்பினேன். "குண்டு குண்டா எழுதும்மா, படிக்க முடியலன்னு திருப்பிடுவாங்க" என்று வாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பெற்ற தாயின் பெயரை எழுதி, அதற்கு நேரே "அயல்நாட்டவர்" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். என் வயதுப் பிள்ளைகள் அந்த இங்கிலீஷில் பாட்டு எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

நான் எட்டாவது படிக்கும்போது, கடையைத் திறக்கப் போன வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டருக்கு முன்னாலேயே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. உம்மா "இத்தா" இருந்தார். புருஷனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் துக்கம் காப்பதற்கு எங்களிடம் அதுதான் பெயர். அந்த இத்தாவுக்கு நடுவில் விசா முடிகிற தேதி வந்து நின்றது. அது நீளாவிட்டால் உம்மா நாட்டைவிட்டுப் போக வேண்டும். நான் இங்கே பிறந்தவள், என் பள்ளிக்கூடம், வீடு, வாப்பா அடங்கியிருக்கும் கபர் எல்லாம் இங்கே. வாப்பா போன கையோடு உம்மாவையும் பறித்துக்கொள்வார்களோ என்று பயந்துபோய்க் கிடந்தேன்.

வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரிய வாப்பா, இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகரில் இருந்த அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன், மனுவில் ஏதாவது திருத்தச் சொன்னால் எழுத ஆள் வேண்டுமே.

"கணவர் கையெழுத்து எங்க?" என்றார் எழுத்தர்.

"அவரு மவுத்தாயிட்டாருங்க. சர்ட்டிபிகேட் உள்ள வச்சிருக்கேன், பாருங்க."

"அப்ப அந்தம்மா இங்க இருக்கறதுக்கு என்ன காரணம் இருக்கு?"

பெரிய வாப்பா என்னைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "இந்தப் புள்ளதாங்க காரணம்."

"மைனர் பேச்செல்லாம் எடுபடாது. நீங்க பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடுங்க. ஆனா ஆள் நேர்ல வரணும், நான் கண்ணால பாக்கணும்." இத்தாவைப் பற்றிப் பெரிய வாப்பா எவ்வளவோ தணிந்து சொல்லிப் பார்த்தார். "ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க" என்று முடித்துவிட்டார் அந்த மனிதர்.

திரும்பி வந்து, பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் கேட்டோம். தெருவில் சிலர் அவர் மறுத்துவிடுவார் என்றே நினைத்தார்கள். அவரோ எங்கள் வீட்டுக்கே வந்து, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே இருந்த உம்மாவுக்குக் கேட்கும்படி, "அவசியம்னா பகல்ல போய்ட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்கம்மா. மார்க்கத்துல அதுக்கு இடம் இருக்கு, அந்த ஆபீஸ்லதான் இல்லபோல" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று பெரிய வாப்பா முணுமுணுத்துக்கொண்டே வாடகைக் கார் பிடிக்கப் போனார்.

காரின் கண்ணாடிகளுக்குத் துணி கட்டி, வெள்ளைத் துப்பட்டியில் உடம்பைப் போர்த்தி உம்மாவை அழைத்துப் போனோம். அலுவலகத் தாழ்வாரத்தில் பெஞ்சு முழுக்க ஆண்கள்; உம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். எழுத்தர் மீட்டிங் என்றார்கள், பிறகு சாப்பாடு என்றார்கள், பிறகு வந்தார். பொழுது சாய்ந்துவிடுமோ என்று பெரிய வாப்பா வெளியே போய்ப் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் கூப்பிட்டார்கள். நேரில் வந்தே ஆகவேண்டும், கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று துக்க வீட்டிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்த அந்த மனிதர், உம்மா மேசைக்கு முன்னால் நின்ற நேரம் முழுவதும் தலையை நிமிர்த்தவே இல்லை. கோப்பிலிருந்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"எப்ப ஊருக்குப் போறதா உத்தேசம்?"

உம்மா அதுவரை எந்த அதிகாரியிடமும் வாய் திறந்ததில்லை, வாப்பாதான் பேசுவார். அன்றைக்குப் பேசினார்.

"எங்க மச்சான இந்த ஊர்லதான் அடக்கியிருக்கு. நான் வேற எந்த ஊருக்குங்க போறது?"

அதற்கும் அவர் நிமிரவில்லை. முத்திரையை ஓங்கிக் குத்தி, "ஒரு வருஷம். அடுத்த தடவை லேட் பண்ணாதீங்க" என்றார். பெரிய வாப்பா அவருக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. எங்களுடையதை எங்களுக்கே கொடுத்ததற்கு எதற்கு நன்றி? கொல்லைப்புறம் இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். உம்மா நேரே அறைக்குள் போய்ப் பாயை விரித்தார்.

நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகுதான் உம்மாவுக்குக் குடியுரிமை வந்தது. இலங்கைப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறுதிமொழி படித்துவிட்டு வந்தார். தெரு அவரை வாழ்த்தியது. அலுவலகம் அவரை விரட்டிக்கொண்டிருந்த நாட்களில் இந்த வாயெல்லாம் எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை, உம்மா கேட்கவிடவில்லை.

இப்போது அந்தத் தாழ்வாரமும் பெஞ்சும் இல்லை. இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது, மனுக்கள் எல்லாம் செல்போனிலேயே போய்விடுகின்றன. நிமிராத தலை என்று திட்டக்கூட இன்றைக்கு அங்கே ஒரு தலை கிடையாது. போன மாதம் புத்தளத்தில் உம்மாவின் ராத்தா, எனக்குப் பெரியம்மா, படுக்கையில் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிறந்த ஊருக்குப் போக உம்மாவுக்கு இப்போது அந்த நாட்டின் விசா வேண்டும். செல்போனில் மனுவைத் திறந்தேன். எந்த வகைப் பயணம் என்று கேட்டது. வியாபாரம் இருந்தது, வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குவது இருந்தது, சுற்றுலா இருந்தது. கூடப்பிறந்தவளின் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவளுக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை.

"என்னம்மா போட்ட?" என்றார் உம்மா.

"சுற்றுலான்னு போட்டேன்மா."

உம்மா என் கையிலிருந்த செல்போனை எட்டிப் பார்த்தார். "அங்க இருந்தா இங்க அந்நியம், இங்க இருந்தா அங்க அந்நியம். அனுப்பு, ராத்தா காத்துக்கிட்டிருக்கும்" என்றார்.

அனுப்பினேன். அனுமதி வந்தபோது பெரியம்மாவை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது.