வாத்தியார் திருத்திய வரி

மருந்துக் கிடங்கின் கணினிப் பிரிவில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். லாரிகளை அனுப்பும் நிரலில் பாதிக்கு மேல் அவர் எழுதியது. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவர் மேசைக்குத்தான் வருவார்கள். அவர் யாரிடமும் போய் நின்றதில்லை.

அந்த நிரலுக்குள் எல்லா வாகனமும் பொதுவாக ‘வண்டி’ என்றுதான் வரும். லாரிக்கே உரிய விவரத்தைக் கேட்க, ‘இந்த வண்டி லாரிதான்’ என்று வகை மாற்றியாக வேண்டும். வாத்தியார் அதைப் பழைய கட்டளை ஒன்றால் ஒரே வரியில் முடித்திருந்தார். வந்தது லாரி இல்லையென்றால் நிரல் அப்படியே படுத்துவிடும். ஆனால் லாரியைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை.

வழக்கொழிந்த கட்டளைகளைக் களையும் வேலை, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் போனது. முதலில் வகையைச் சோதித்து, பிறகு மாற்றும்படி அவள் புது முறையில் எழுதி, சரிபார்க்க வாத்தியாருக்கு அனுப்பினாள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அவள் இருந்தாள். கேட்க வாய் வரவில்லை. பழைய வரியையே திரும்பப் போட்டு, சரிபார்த்தாயிற்று என்று அனுப்பிவிட்டார்.

பக்கத்துக் கடைகளுக்குப் பைக்கில் மருந்து அனுப்ப ஆரம்பித்த அன்று, முதல் பைக்கைப் பதிந்ததுமே நிரல் நின்றது. சரக்கேற்றிய லாரிகள் வாசலில் வரிசைகட்டின. ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன். கடைசியாக அதில் கைவைத்தவள் என்று, மேலாளர் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணைப் பிடிபிடியென்று பிடித்தார். வாத்தியார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் பார்த்துச் சரிசெய்வதாக மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் பைக்கைப் பதிவிலிருந்து எடுத்ததும் நிரல் ஓடியது. லாரிகள் கிளம்பிய பிறகுதான் வாத்தியார் அவள் மேசைக்குப் போனார்.

“நான்தாம்மா அந்த வரிய மாத்தினேன்.”

“தெரியும்ணே. யார் மாத்தினாங்கன்னு அதுலயே பதிவாயிருக்கே.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன்.”

செவிட்டில் அறைந்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. நேரே மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னார். அவரோ சிரித்து, இதெல்லாம் சகஜம், விடுங்க என்று தோளைத் தட்டினார். அவளுக்கு ஊரறியத் திட்டு, தனக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சமாதானமா? உடம்பே கூசியது. வெளியே வந்து கூடத்தின் நடுவில் நின்றார்.

“காலையில நின்னது என்னாலதான். இந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருந்தா. எனக்குப் புரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு.”

இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுதான் அவரை இன்னும் குறுக வைத்தது.

மறுநாள் அதே திருத்தத்தை அவள் மறுபடியும் அவருக்கே அனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தார். இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொண்டார். காது மடல் சூடேற, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அவளிடம் போனார்.

“இது என்ன பண்ணுதும்மா?” என்றார், பக்கத்து மேசைக்காரனுக்கும் கேட்கும்படி.