தலைவலியே வராத குடும்பம்

எழுபதுகளின் கடைசியில், புற்றுநோயும் மூளைக்கட்டியும் பரம்பரையால் வருகின்றனவா, பூச்சிமருந்தால் வருகின்றனவா என்று ஆராய்ந்த ஒரு டாக்டருக்காக, நாமக்கல் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பினேன். அங்கேதான் அந்த விவசாயியைப் பார்த்தேன். காது நிறைய முடி. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவார்.

"உங்கப்பா எப்படிங்க இறந்தாரு?"

"தூக்கத்துலீங்க."

"தாத்தா?"

"அவருந் தூக்கத்துலதானுங்க. எங்க பரம்பரைல தலைவலின்னு படுத்தவங்க ஒருத்தருமில்லைங்க."

"புகையிலை?"

"கையால தொட்டதில்லைங்க." புகையிலை நெடி என் மூக்கைத் துளைத்தது.

கடைசியில் அவரே குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கருங்க?"

குடும்பத்து நோய்நொடியை விசாரிப்பவன் பெண் கேட்டு வந்தவனாகத்தான் இருப்பான் என்று நினைத்திருக்கிறார். ஆராய்ச்சி என்று விளக்கினேன்.

"அட சாமி, அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? வேற தாளு எடுங்க."

அப்பாவுக்கு மூளையில் கட்டி, பெரியப்பாவுக்குத் தொண்டையில், அத்தைக்கு வயிற்றில். தாளின் பின்பக்கமும் நிறைந்தது.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மொதத் தாளை எனக்குக் குடுத்துப்போட்டுப் போங்க. பொண்ணு பாக்க வாரவங்களுக்குக் காட்டோணும்."

கையெழுத்துப் போட்டே கொடுத்தேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.