தொடக்கூடாது என்று சொன்னவரின் கைகள்

சென்ற வாரம் வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, தங்கச்சிமடம் அந்தோணி அண்ணன் எங்கள் தெருவுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பாம்பன் பாலத்து எதிர்க்காற்றில் மற்றவர்கள் இறங்கித் தள்ளும்போதும் இருக்கையை விட்டு இறங்காதவர் அவர். அன்று தெருமுனையிலேயே இறங்கிவிட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

"பாப்பா, சாகுல் பாய் போயிட்டாரு" என்றார். "விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு எழுப்பியிருக்காங்க. எந்திரிக்கல. மதியம் ஜும்மா தொழுகை முடிஞ்சு அடக்கம்."

சவுக்குத்தோப்பு ஞாயிறுகளுக்கு வந்தவர்களுக்குக் கீழக்கரை சாகுல் மாமாவைத் தெரியும். வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. மண்டபத்துக்கு மேற்கே கடலோரத்துச் சவுக்குத்தோப்பில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பிரியர்கள் கூடுவோம். அழகான பிரேம்களைப் பார்ப்பதற்கென்றே கூடுகிற கூட்டம் அது. பந்தயம் இல்லை, விற்பனை இல்லை. சக்கரங்களையும் சீட்டையும் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் வெறும் பிரேம்களை மட்டும் தொங்கவிடுவோம். கடற்காற்றில் அவை மெதுவாகத் திரும்பும். ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்தைக் காட்டும். நாங்கள் சுற்றிச் சுற்றி வந்து பேசுவோம். ஒரு பிரேமின் அழகைப் பற்றி அதற்கு உரியவர் மட்டும் வாய் திறக்கக்கூடாது. இதைத் தொடங்கி வைத்தவர் சாகுல் மாமா.

ஷார்ஜாவில் பல வருடம் கட்டிட வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். திரும்பி வந்த நாளைப் பற்றிக் கதீஜா மாமி சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கம்பளி இருக்கும், சென்ட் பாட்டில் இருக்கும் என்று வீடே பெரிய அட்டைப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. பிரித்தால், இரண்டு கம்பளிக்குள் சுற்றிய வானநீல நிறப் பிரேம் ஒன்று. யாரோ குப்பையில் எறிந்ததை எடுத்து வந்திருக்கிறார்.

"சக்கரம் எங்கங்க?" என்று மாமி கேட்டாராம்.

"சக்கரம் எங்கயும் கெடைக்கும். இந்தக் கழுத்தப் பாரு கதீஜா."

"எங்கழுத்துக்கு என்ன கொண்டாந்தீங்கன்னு கேக்க வாய் வந்துச்சு. கம்பளி ரெண்டாச்சும் வந்துச்சேன்னு விட்டுட்டேன்" என்பார் மாமி.

நான் முதன்முதலாகத் தோப்புக்குப் போனது போன வருடம், பதினொன்றாம் வகுப்பில். என்னிடம் இருந்தது அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கும் சைக்கிள். நூலகத்தில் சைக்கிள்களைப் பற்றி ஒரு புத்தகம் படித்துவிட்டு, அந்தப் படங்களில் இருப்பவற்றை நேரில் பார்க்கும் ஆசையில் உச்சிப்புளியிலிருந்து மிதித்துப் போயிருந்தேன். என்னுடையதைத் தோப்புக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டேன். சாகுல் மாமா அதைப் பார்த்துவிட்டு, "அத ஏன் அங்கன ஒளிச்சு வச்சிருக்க? கழட்டு" என்றார். ஸ்பானர் கொடுத்தார். அதையும் கயிற்றில் மாட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மற்றப் பிரேம்களின் முன் எவ்வளவு நேரம் நின்றாரோ அவ்வளவு நேரம் அதன் முன்னாலும் நின்றார்.

"இந்த வளைஞ்ச குழாயப் பாருங்க. பாவாடை கட்டின புள்ளையும் கருவாட்டுக் கூடைக்காரம்மாவும் லேசா ஏறணும்னு யாரோ ஒருத்தன் உக்காந்து யோசிச்ச வளைவு இது. இதுல பொய்யே இல்ல" என்றார்.

தினமும் நான் ஏறி இறங்கிய வண்டி அது. அன்றுதான் அதை முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

தோப்பில் இன்னொரு சட்டமும் இருந்தது: அடுத்தவர் பிரேமை யாரும் தொடக்கூடாது. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். எங்கள் கரையில் காற்றே உப்பு. வியர்த்த கையோடு பெயிண்ட் உதிர்ந்த இடத்தைத் தொட்டால் இரும்பு துருப்பிடிக்க நாளாகாது. சாகுல் மாமாவின் வானநீலப் பிரேமில் சீட்டுக்குக் கீழே யாரோ ஒரு விருந்தாளியின் கட்டைவிரல் ரேகை துருவாகவே பதிந்திருந்தது. "போலீஸ்காரன் வந்தா ஆளப் பிடிச்சிரலாம்" என்று அதைக் காட்டுவார். "கண்ணு எதையும் அரிக்காது. கைதான் அரிக்கும். கண்ணால பாருங்க" என்பார். அந்தச் சட்டத்தைப் போட்டவரும் அவர்தான்.

தோப்பில் மிக உயர்ந்தவை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிரேம்கள் இரண்டு. ஒன்று அந்தோணி அண்ணனின் கறுப்புப் பிரேம். மற்றது திருவாடானைப் பக்கத்து விவசாயி கருப்பையா அய்யாவின் பச்சைப் பிரேம். இரண்டும் அவர்களுடைய தாத்தாக்கள் காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவை. கம்பெனிப் பெயர்த் தகடு இரண்டிலும் எப்போதோ விழுந்துவிட்டது. குழாய்கள் சேரும் இடங்களில் இலை நுனி போலக் கூராக முடியும் இரும்புக் கவசங்கள் இரண்டிலும் உண்டு. எது அழகு என்பதில் அந்த இருவருக்கும் முடிவில்லாத வழக்கு.

"ஏலே அந்தோணி, ஒன்னோடது சாவு வீட்டுக் குடை மாதிரில்ல இருக்கு."

"பெரியவரே, உங்களுது வயல்ல நட்டு வச்சா தவக்களை வந்து உக்காரும்."

தீர்ப்புக்கு இருவரும் சாகுல் மாமாவையே பார்ப்பார்கள். அவர் தீர்ப்புச் சொன்னதே இல்லை. "இன்னுங் கொஞ்சம் பாக்கணும்" என்பார்.

இனி நான் சொல்லப்போவது கடந்த சில மாதங்களில் நடந்தது. சாகுல் மாமா சைக்கிளில் வருவதை நிறுத்திப் பேருந்தில் வரத் தொடங்கினார். முட்டிவலி என்றார். பிரேம்களுக்கு நேராக நிற்காமல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பதையும் கவனித்தேன். சர்க்கரை நோய் அவர் கண்களைத் தின்றுகொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. மதுரைக்குப் போய் மருத்துவம் பார்த்தும் பயனில்லாமல் போனது மாமிக்கு மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருப்பையா அய்யா தம் பிரேமைக் கோணிக்குள் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினார். பிரித்ததும் தோப்பே வாயடைத்து நின்றது. பச்சை போய்விட்டது. மாதுளம்பழ நிறத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார். உரியவர் பேசக்கூடாதே, உதட்டைக் கடித்தபடி சாகுல் மாமா என்ன சொல்வார் என்று காத்திருந்தார். மாமா அருகில் போய் நெடுநேரம் நின்றார்.

"கருப்பையாண்ணே, இன்னைக்கு மேகம் போட்டிருக்குல்ல, அதான் இந்தப் பச்சை இன்னும் ஆழமாத் தெரியுது" என்றார்.

அந்தோணி அண்ணன் சிரித்துவிட்டார். "பச்சையா? பாய், கண்ண பஸ்ஸுலயே வச்சிட்டு எறங்கிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாகுல் மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, மரம் எங்கே இருக்கிறது என்று கையால் தேடினார். அந்தக் கை காற்றில் துழாவியதைப் பார்த்ததும் தோப்பில் ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பு நின்றது.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. கருப்பையா அய்யா, அந்தோணி அண்ணன், நான் மூவரும் கீழக்கரைக்குப் போனோம். மாமி தேநீர் கொடுத்தார். சாகுல் மாமா எங்கள் குரல்களுக்கு முகத்தைத் திருப்பிப் பேசினார்.

"பாக்கிறவங்க கூடுற எடம் அது. பாக்காதவனுக்கு அங்க என்ன வேல?"

"தொட்டுப் பாருங்க பாய்" என்றார் அந்தோணி அண்ணன். அவர் குரலில் அன்றைய சிரிப்புக்கான வருத்தம் இருந்தது.

"தொடக்கூடாதுன்னு சொன்னவனே நான். எனக்கு மட்டும் சட்டத்தத் தளத்துனா அதுக்குப் பேரு இரக்கம். இரக்கத்துல நீட்டுற பிரேமு எனக்கு வேணாம்."

தோப்பில் அவருடைய இடம் போய்விட்டது என்று அவர் நம்பிவிட்டார். நாங்கள் எதைச் சொன்னாலும் அது ஆறுதலாகத்தான் கேட்கும். அப்போது கருப்பையா அய்யா தேநீர் கிளாசை ணங்கென்று கீழே வைத்தார்.

"ஒனக்காக இங்கன யாரு மாத்தச் சொன்னா? எனக்குத்தான்யா மாத்தணும். இந்த அந்தோணிப் பய சைக்கிளத் தொட்டுப் பாக்கணும்னு எத்தன வருசமாக் கை அரிக்குது தெரியுமா? ஒஞ் சட்டத்துக்குப் பயந்து சும்மா இருக்கேன்."

"அடேங்கப்பா! சாவு வீட்டுக் குடைன்னு சொன்ன வாயா இது?" என்றார் அந்தோணி அண்ணன்.

"வாயி சொன்னுச்சு. கையி கேக்கலையே."

சாகுல் மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு யோசித்தார். "அப்படின்னா எல்லாருக்கும் ஒரே சட்டம். மொதல்ல நல்ல தண்ணியில கையக் கழுவணும். துணியில ஈரமில்லாமத் தொடைக்கணும். பெறகு தொடலாம்" என்றார்.

அடுத்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை தோப்பில் நடந்ததை என்னால் மறக்க முடியாது. எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குவோம். அந்த நல்ல தண்ணீரை ஆளுக்கொரு குடம் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். வரிசையில் நின்று கையைக் கழுவினோம். சாகுல் மாமா தொழுகைக்குப் போவது போல முழங்கை வரை கழுவிக்கொண்டார். பெரிய மனிதர்கள் தங்கள் கைகளைத் துடைத்துவிட்டு, பிடித்துப் பழகாத குழந்தையை வாங்குவது போலக் கூச்சத்தோடு பிரேம்களை நெருங்கினார்கள்.

சாகுல் மாமா முதலில் கறுப்புப் பிரேமைத் தொட்டார். கழுத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு குழாயாக விரல்கள் போயின. இலை நுனி வந்த இடங்களில் நின்றன. பிறகு மாதுளை நிறப் பிரேமைத் தொட்டார். மறுபடி கறுப்புக்கு வந்தார். மறுபடி மாதுளைக்குப் போனார். எத்தனை முறை போய் வந்தார் என்று தெரியாது. அவர் முகத்தில் ஏதோ மாறிக்கொண்டே வந்தது.

"இது ரெண்டையும் அரம் போட்டு ராவுனது ஒரே கை" என்றார்.

கருப்பையா அய்யா கறுப்புப் பிரேமின் மேல் விரலை வைத்தார். சாகுல் மாமா தொடர்ந்தார்.

"நுனியத் தொட்டுப் பாருங்க. ஒரு ஓரம் கனமா இருக்கு, மறு ஓரம் எளச்சுக்கிட்டே போவுது. ரெண்டுலயும் அதே பக்கந்தான். மத்த எதுலயும் இப்படி இல்ல. அந்த ஆளு எடதுகைக்காரனா இருந்திருப்பான். புள்ள, ஒன் கண்ணு நல்ல கண்ணு. பாத்துச் சொல்லு."

என் பையில் பள்ளிக்கூடத்து உயிரியல் வகுப்புக்கான லென்ஸ் இருந்தது. அதை வைத்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்குப் பெயிண்டின் பளபளப்பு மட்டுமே தெரிந்தது. லென்ஸில் அந்தச் சரிவு தெரிந்தது, மிக மெல்லிசாக, எல்லா நுனிகளிலும் ஒரே பக்கமாக. செய்தவர் யார், உண்மையில் இடதுகைக்காரர்தானா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. தேடிப் பார்த்தேன், எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனால் கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு பட்டறையில் ஒருவர் குனிந்து ராவியது இரண்டு குடும்பங்களுக்குப் பிரிந்து வந்து, எத்தனையோ வருடம் எதிரெதிராகத் தொங்கி, அந்தக் காலையில் ஒரு மனிதரின் இரண்டு கைகளில் ஒன்றுசேர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"அப்ப இத்தன நாளும் நாம சண்ட போட்டது?" என்று கேட்டார் அந்தோணி அண்ணன்.

"நீ சும்மாருலே" என்றார் கருப்பையா அய்யா. அவர் விரல் இன்னும் கறுப்புப் பிரேமின் நுனியிலேயே இருந்தது. கண்ணைத் துடைக்கக்கூட அதை எடுக்கவில்லை.

அதன் பிறகு சாகுல் மாமா ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. யாராவது ஒருவர் கைப்பிடித்து அழைத்து வருவார்கள். புதிதாக எந்தப் பிரேம் வந்தாலும் முதல் தொடுதல் அவருடையதுதான் என்பது தோப்பின் வழக்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போன பிறகு நான் மாமியோடு வீட்டுக்குள் இருந்தேன். மாமிதான் பேசினார்.

"மொத தடவ தொட்டுப் பாத்த அன்னைக்குத் தோப்புலேர்ந்து வந்து ஒக்காரவே இல்ல புள்ள. அம்மிக்கல்லு, ஜன்னல் கம்பி, என் கை வளையல், ஒண்ணு விடல. எல்லாத்தையும் தடவித் தடவிப் பாத்தாரு. கண்ணு போகுதுன்னு ராத்திரியெல்லாம் அழுத மனுசன். இங்கன வா, ஒண்ணு காட்டுறேன்."

வாசல் கதவின் பக்கம் கூட்டிப் போனார். பழைய தேக்குக் கதவு. முன்பக்கமெல்லாம் பூவேலைப்பாடு. அதை வருவோர் போவோர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மாமி என் கையைப் பிடித்து, கீலுக்குப் பின்னால், சுவருக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடுக்கில் நுழைத்தார். எந்தக் கண்ணும் போக முடியாத இடம். என் விரல் நுனியில் மரத்தில் ஏதோ தட்டுப்பட்டது. ஐந்து இதழ். ஒரு சின்னப் பூ.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்தக் கதவத் தெறந்து மூடுறேன். எனக்கே தெரியாது. அவரு விரல் கண்டுபிடிச்சுச்சு. கண்டுபிடிச்சுட்டு, 'கதீஜா, நான் இன்னும் பாக்கிறவந்தான்'னு சொன்னாரு."

நான் கையை எடுக்காமல் நின்றேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒருவர் அதைச் செதுக்கியிருக்கிறார். சாகுல் மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அதைத் தொட்டபோது என் விரல் நுனியில் எழுந்த அந்த வியப்பைத்தான். எதையும் பார்த்து முடித்துவிட்டேன் என்று இனி என்னால் சொல்ல முடியாது.