ஐந்தாவது தலை

குற்றாலத்தில் சீசனுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் ஆட்களை எண்ண வேண்டாம். சுவரைப் பார்த்தாலே போதும். அருவிக்குப் போகுமுன் எல்லாரும் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு சுவரில்தான் சாய்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு சிவகிரிக்காரர், நாலே பேர்தான் என்று சொல்லி என் வீட்டை எடுத்தார். காலி செய்த அன்று போய்ப் பார்த்தால், புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஐந்து தலை அடையாளங்கள்.

"யாருவே அந்த அஞ்சாவது ஆளு?" என்று கத்தினேன்.

"நீங்கதான் அண்ணாச்சி. குளிக்கப் போற வழியில, வீட்டைப் பாக்கணும்னு தெனமும் வந்து அங்கனதான சாஞ்சு உக்காந்திய?"

"என் தலை இவ்வளவு பெரிசா?" என்று, பக்கத்திலேயே சாய்ந்து காட்டினேன்.

அன்றும் எண்ணெயோடுதான் போயிருந்தேன். எழுந்து பார்த்தால் அதே உயரம், அதே அகலம்: சுவரில் ஆறாவது தலை.