ஐலெர்ட்டின் குளிர்ந்த வண்டி

முதல் நாள் டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தபோது எனக்குக் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. டாக்சிக்காரர் ஐலெர்ட் என்னைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த கலைமான் தோலை உருவி என் இருக்கையில் விரித்துவிட்டு, வெறும் சீட்டில் போய் உட்கார்ந்தார். தோலில் அவருடைய உடம்புச் சூடு இருந்தது. கர்த்தர் அவரை ஆசீர்வதிப்பாராக என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வடதுருவத்தை ஒட்டிய பின்மார்க்கில் எங்கள் ஊரிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு மலை தாண்டிப் போகவேண்டும். முப்பது வருஷம் டீசல் வண்டி ஓட்டியவர் அவர். இனி மின்சார வண்டிக்காரருக்குத்தான் நோயாளிகளை ஏற்றும் வேலை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால் அவரும் ஒன்று வாங்கினார். ஒருதரம் வழியில் நின்றாலும் வேலை பட்டணத்துக் கம்பெனிக்குப் போய்விடும்.

வாங்கிய நாளிலிருந்து அதோடு சண்டைதான். ஹீட்டரைப் போட்டால் ஊர் வந்துசேர மின்சாரம் போதாது. நிறுத்தினால் கண்ணாடியின் உள்பக்கமே பனி பூக்கும். ராத்திரி முழுக்க வீட்டில் சார்ஜில் கிடந்தும் காலையில் பாதிகூட ஏறியிருக்காது. சார்ஜ் குறைவாக இருப்பதால், கிளம்புமுன் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவும் அந்த வண்டி மறுத்துவிடும். பட்டணத்தில் சார்ஜ் போடலாமென்றால், நான் டயாலிசிஸில் படுத்திருக்கும் நேரத்தில் அவருக்கு வேறு சவாரிகள்.

"இதுக்கு ஒரு ஐஸ்பெட்டி வாங்கியிருக்கலாம். மீனாவது வச்சிருக்கலாம்" என்பார்.

"பொறுமையா இரு ஐலெர்ட். உனக்காக ஜெபம் பண்றேன்."

"எனக்கு வேணாம். பேட்டரிக்குப் பண்ணு."

ஒருநாள் திரும்பும்போது நான் நடுங்கின நடுக்கத்தைப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே ஹீட்டரைப் போட்டார். ஊருக்குச் சற்று முன்னால் வண்டி நின்றுவிட்டது. பனி தள்ளும் லாரி எங்களை இழுத்துவந்து அவர் வீட்டு வாசலில் விட்டது. வண்டியைச் சுவரிலிருந்த மின்சாரத்தில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

அவர் மனைவி ராக்னா காப்பி ஊற்றினாள். சட்டென்று எழுந்தாள். "பேச்சுல மறந்தே போச்சு. கடிகாரத்தத் திருப்பிட்டு வரேன்."

கதவோரச் சுவரில் ஒரு பழைய டைமர் கடிகாரம் இருந்தது. டீசல் இஞ்சின் உறையாமலிருக்க, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் மட்டும் மின்சாரம் விடுவது. அதுவரை வண்டி மாட்டியிருக்கும் வயரில் ஒன்றும் வராது. ஐலெர்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏன்டி, அது டீசல் வண்டிக்கானதுடி. தினமுமா திருப்புற?"

"ஒருநாள் மறந்தா வீடே ரெண்டாகற மாதிரி கத்துவியே. அதான் மறக்காம திருப்புறேன்."

அவர் அவளைத் திட்டாமல், எழுந்து போய்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வயரை நேராகச் சுவரில் மாட்டினார். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுமுறை வண்டி ரொட்டி அடுப்பு மாதிரி வந்து நின்றது. ஆனால் வழியில் நின்ற செய்தி அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. வேலை பட்டணத்துக் கம்பெனிக்கு. கடைசிச் சவாரியில் நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே அவ்வளவு சூடு.

என் வீட்டு வாசலில் இறங்கி, திறந்த வண்டிக் கதவைப் பிடித்தபடி, ஒரு நல்ல வார்த்தை சொல்லலாமென்று தேடிக்கொண்டு நின்றேன்.

"கதவச் சாத்து ஹென்னி" என்றார். "எவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சூடு. எல்லாம் வெளிய போகுது பாரு."