மணி அடிக்காத மாடி

முதலியார்பேட்டையில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் என் அம்மாவைச் சேர்த்தபோது, சொந்தக்காரர்கள் என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். பாதிக்கு மேல் உண்மைதான். இடுப்பெலும்பு உடைந்தவரைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது நான் ஒருவன், அதுவும் முதுகுவலிக்காரன். வெகுகாலமாகப் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவனுக்கு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கத் தெரியாது. சிரிக்கவைக்கத் தெரியுமா என்பதிலும் அம்மாவுக்குச் சந்தேகம் உண்டு.

இல்லத்தின் முதல் மாடிக்குப் பகலில் ஒரே ஒரு நர்ஸ். கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண். ஊசி, மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, படுத்தே கிடப்பவர்களைத் திருப்பிப் போடுவது என்று எல்லாம் அவள்தான். இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டிருந்தாள். பார்க்கலாம் என்று அவரும் சொல்லியிருந்தார்.

அம்மா மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவர். வேலை செய்கிறவர்களைக் கவனிக்கும் கண் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"அந்தப் பொண்ணு நின்னுகிட்டே சோறு துன்னுதுடா. ஒரு வாய் உள்ள போவறதுக்குள்ள எவனாவது மணி அடிக்கிறான்."

ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நர்ஸ் மேஜையில் மணி ஒலித்து விளக்கு எரியும். அம்மா சக்கர நாற்காலியில் அறை அறையாகப் போய்ப் பேசினார். உயிர் போகிற காரியம் தவிர யாரும் மணி அடிப்பதில்லை என்று முடிவானது. எதிர் அறையில் இருந்த பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் 'தக்கோர்' என்று பிரெஞ்சிலேயே சம்மதம் சொன்னார். மாடி அமைதியானது. நான் நெகிழ்ந்துபோய், மனிதநேயம் என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டு ஒரு கட்டுரை எழுதவும் யோசித்தேன்.

அப்போதுதான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். நல்ல மனிதர். மணிகள் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரிலும் பதிவாகின்றன என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"மொதல் மாடியில கூப்பிடறதே பாதியா கொறைஞ்சிருக்கு சார். இன்னொரு நர்ஸ் தேவைப்படாது போல. ரெண்டாவது மாடியையும் இவங்களையே பாக்கச் சொல்லலாமான்னு இருக்கேன்."

காப்பியை வைத்துவிட்டு மேலே ஓடினேன். அம்மா காய்ச்சலில் கிடந்தார். நர்ஸ் கட்டிலருகே நின்று திட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்ரூமுக்குக் கூப்பிடணுமேன்னு தண்ணியே குடிக்காம கெடந்தீங்களா ஆயா? யூரின்ல இன்ஃபெக்ஷன் வந்துருக்குது."

"உனக்கு எதுக்கும்மா கஷ்டம்னுதான்..."

"இப்ப வேளா வேளைக்கு ஊசி நான்தான போடணும்? அது கஷ்டம் இல்லயா?"

மேனேஜர் சொன்னதை நான் சொன்னேன். அவள் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மணி அடிக்கலன்னா யாருக்கு இன்னா ஆச்சோன்னு ஒவ்வொரு ரூமா ஓடறேண்ணா. அது எந்தக் கம்ப்யூட்டர்ல வரும்? ரெண்டு மாடியும் என் தலையில வெச்சா நான் வேலைய உட்டு நின்னுடுவேன். யாரையாவது கீழ உட்டுட்டு அழுவறதுக்கு ஊட்லயே இருக்கலாம்."

அவள் போனபிறகு அம்மா விட்டத்தைப் பார்த்தபடி பேசினார்.

"மில்லுலயும் இதே கூத்துதான்டா. பக்கத்து மெஷின்காரி புள்ளத்தாச்சின்னு அவ மெஷினையும் நாங்களே ஓட்டனோம். ஒருத்தியே ரெண்டு ஓட்டலாம் போலயேன்னு மொதலாளி எல்லாருக்கும் ரெண்டா குடுத்துட்டான். பட்டும் புத்தி வரல பாரு எனக்கு."

காய்ச்சல் விட்டதும் மறுபடி சக்கர நாற்காலி கிளம்பியது. பொய்யாக ஒரு மணியும் அடிக்கக் கூடாது, தேவையிருந்தால் ஒரு மணியையும் விடக் கூடாது என்பது புதிய தீர்மானம். நர்ஸிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

"அடிங்க ஆயா. மேனேஜர் சார் இருக்கற நேரமா அடிங்க."

"அவுரு வந்தப்புறந்தான் எங்களுக்குத் தாகமே எடுக்கும், நீ போ."

மறுநாள் காலையில் நர்ஸ் மேஜையில் விளக்குகள் தேர்த் திருவிழா போல எரிந்தன. சத்தம் கேட்டு மேனேஜர் மாடியேறி வந்தார். நர்ஸ் பென்ஷன்காரரைக் கட்டிலிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"சார், தாத்தாவைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க. அங்க ஒருத்தர் தானா எறங்கப் பாக்கறாரு."

மேனேஜர் பிடித்துக்கொண்டார். பென்ஷன்காரர் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சில் உத்தரவு போட ஆரம்பித்தார். உட்காரவைக்கவும் தெரியாமல், விடவும் முடியாமல் மேனேஜர் வெகுநேரம் அப்படியே நின்றார். அடுத்த கட்டிலில் இருந்தவருக்கு நான் உதவியாகக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கணிசமான பகுதி அவர் சட்டைக்குப் போயிற்று. "மெதுவா தம்பி, எனக்கு ஒரு வாய்தான் இருக்குது" என்றார்.

நர்ஸ் திரும்பி வந்தபோது மேனேஜர் மூச்சு வாங்கக் கேட்டார். "தினமும் இப்படித்தானாம்மா?"

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி சார்."

அடுத்த மாதம் பகலுக்கு இரண்டாவது நர்ஸ் வந்தாள். கதிர்காமத்தில் நர்சிங் படித்துவிட்டு நேரே வந்த சின்னப் பெண். எத்தனை மாதத்துக்கு என்று மேனேஜர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. முதல் நாள் பிரஷர் பார்க்க வந்தவளின் கையை அம்மா பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கெல்லாம் சங்கம் இருக்குதாம்மா?"

வாசலைக் கடந்துகொண்டிருந்த கனகசெட்டிக்குளத்துக்காரி நிற்காமலே சொன்னாள்:

"மொதல்ல பிரஷர் பாரு. ஆயாகிட்ட பேச ஆரம்பிச்சா நாம ரெண்டு பேரும் பத்தாது."